சூரைக்கு வந்த வாழ்வு

அடுக்களைப் பகுதி

சித்தூரிலிருந்து சகோதரியார் ஒருவர் இப்பகுதிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். கடிதத்துடன் சிறு பொட்டலம் ஒன்றும் வந்தது. பிரித்துப் பார்த்தோம். உள்ளே காய்ந்த மரத்துண்டு போன்ற ஒரு பொருள் இருந்தது. மேசையில் தட்டினால் கட்டையின் ஓசை கேட்டது. முகர்ந்தால் புகையின் மணம் வந்தது.

அவருடைய மூத்த மகன் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். அங்கே ஜப்பானிய நிறுவனங்கள் பல உண்டென்பதை நம் அன்பர்கள் அறிவார்கள். உடன் பணியாற்றிய ஜப்பானியப் பெரியவர் ஒருவர், தம் நாட்டுக்குத் திரும்பும்போது இக்கட்டையை நினைவுப் பொருளாகத் தந்து, "இது மீன், சீவிக் கொதிநீரில் இட்டால் எங்கள் நாட்டுச் சமையலின் உயிர் அதில் இருக்கும்" என்று சொன்னாராம். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் சகோதரியாரின் மாமியார் மட்டும் அதைக் கையில் வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தார். "இது மாசியின் இனமல்லவா? எங்கள் லயத்து வீட்டில் எந்நாளும் டப்பாவில் இருக்குமே!" என்றார். அம்மூதாட்டியார் இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964 ஆம் ஆண்டின் சிறீமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்.

இதுவரை கடிதம் மகிழ்ச்சியாகவே செல்கிறது. அடுத்து வரும் செய்திதான் நம்மை எழுதத் தூண்டியது. மாசி சூரை மீனிலிருந்து வருவதென்று கேட்டறிந்த சகோதரியார், அத்தையின் மனம் மகிழட்டுமென்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குச் சென்றிருந்தபோது தெருவோரக் கூடையில் மலிவாகக் கிடைத்த சூரை மீனை 2 கிலோ வாங்கினார். வாங்கியது நண்பகல். பையில் இட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினார். திருப்பதியிலிருந்து சித்தூர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வீட்டில் உறவினர் வந்திருந்தமையால், மீன் மாலை வரை அடுக்களை மூலையிலேயே கிடந்தது. பின்னர்ப் புளி கரைத்து, மிளகாய் அரைத்து நன்றாகவே கொதிக்க வைத்தார். உண்ட அரை மணி நேரத்தில் கணவருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் முகம் சிவந்தது, தலை இடித்தது, உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் கண்டன, இளைய பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் ஆயின. இரவு மருத்துவமனையிற் கழிந்தது. மூதாட்டியார் மட்டும், ஒரு வாய் உண்டதும் "நாக்கு மிளகைக் கடித்தாற்போல் சுரீரென்கிறது" என்று சொல்லி வட்டிலை ஒதுக்கிவிட்டாராம். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

"இனி இம்மீன் என் வாசற்படி ஏறாது என்று உறுதி கொண்டேன். அத்தையோ, பிழை மீனில் இல்லை, நாம் கொண்டுவந்த வகையில்தான் இருக்கிறது என்கிறார். வீட்டில் இதனால் மனத்தாங்கல். இருவருள் யார் சொல்வது சரி?" என்று சகோதரியார் கேட்கிறார். இதற்கு விடை கூறுமுன், இந்த மீனின் கதையைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

அந்தக் கட்டையின் பெயர் கட்சுவோபுஷி. ஜப்பானியர் 'கட்சுவோ' என்று அழைப்பது நம் கடலோரத்தார் 'வரிச்சூரை' என்னும் மீனையே. வயிற்றுப் பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் கருங்கோடுகளால் அதற்கு இப்பெயர். அதன் தலையையும் குடலையும் நீக்கி, சதையை நீளத் துண்டங்களாக வகுந்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் வேகவைத்து, முட்களைப் பிடுங்கி எடுப்பார்கள். பின்னர்க் கடின மரத்தின் புகையில் பலமுறை வாட்டுவார்கள். உயர்ந்த வகையாயின், அதன்மேல் நல்ல பூஞ்சணத்தை வளரவிட்டு, வெயிலில் உலர்த்தி, மீண்டும் பூஞ்சணம் ஏற்றி உலர்த்துவார்கள். இவ்வாறு மாதக் கணக்கிற் செய்தபின், மீன் மரம்போல் இறுகிவிடும். தச்சர் இழைப்புளி போன்ற ஒரு பெட்டியில் அதைச் சீவி, 'கொம்பு' என்னும் கடற்பாசி ஊறிய நீரில் இட்டு வடித்தால், அதுவே 'டாஷி' என்னும் சாறு. நமக்குப் பருப்புநீரும் புளிக்கரைசலும் எப்படியோ, அவர்களுக்கு இச்சாறு அப்படி. 2013 ஆம் ஆண்டில் ஜப்பானியரின் உணவு மரபை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது.

இச்சுவை எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்தவர்களும் அவர்களே. 1908 ஆம் ஆண்டில் டோக்கியோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிகுனே இகேடா, கடற்பாசிச் சாற்றில் குளுட்டமிக் அமிலத்தைக் கண்டறிந்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் சின்டாரோ கோடாமா, 1913 ஆம் ஆண்டில், கட்சுவோபுஷியின் சுவைக்கு இனோசினிக் அமிலத்தின் உப்பே காரணமென்று கண்டார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்கு பெருகும். கடற்பாசியையும் மீனையும் ஒரே பானையில் இட்ட பழங்காலத்து மகளிர், ஆய்வுக்கூடம் காணாமலே இதனை அறிந்திருந்தனர்.

இனி, மூதாட்டியாரின் மாசிக்கு வருவோம். அவர் கூறியது முற்றிலும் உண்மை. மாலத்தீவிலும், இலட்சத்தீவுகளுள் ஒன்றான மினிக்காயிலும், இதே வரிச்சூரையை உப்பு நீரில் வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பூஞ்சணம் ஏற்றும் வேலை ஒன்றுதான் இல்லை. மற்றபடி இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. 14 ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, அத்தீவினர் மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்துவதையும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் கப்பலேறிச் செல்வதையும் எழுதி வைத்திருக்கிறார். இலங்கைத் தமிழர் சமையலிலும் நம் தென்பாண்டிக் கடற்கரையிலும் மாசி இடம்பெற்றது இவ்வணிகத்தின் வழியாகவே. ஆகவே, ஜப்பானியப் பெரியவர் தந்த கட்டையும் லயத்து வீட்டு டப்பாவில் இருந்த மாசியும் ஒரே மீனின் இரு வடிவங்கள்.

சூரை தொலைகடலின் மீன். கரையை விட்டு வெகுதூரத்தில், ஆழம் மிக்க நீரில், கூட்டங்கூட்டமாகத் திரிவது. அது நீந்துவதை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் செவுளில் நீர் பாயாமல் மூச்சு முட்டி இறந்துபோகும். ஓயாத உழைப்பாளியாதலின் அதன் தசை சிவந்திருக்கிறது. மற்ற மீன்களைப்போல் அன்றி, அதன் உடல் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக இருக்கும். வரிச்சூரை பெரும்பாலும் சில கிலோ எடையே இருக்கும். அதன் இனமான மஞ்சள் துடுப்புச் சூரையோ ஆளுயரத்தையும் தாண்டி, 100 கிலோவுக்கு மேலும் வளரும். கன்னியாகுமரிப் பக்கத்தில் அதனைக் 'கேரை' என்பர்.

இத்தகைய மீன் நம்மிடையே ஏன் இழிவாகக் கருதப்பட்டது? வஞ்சிரமும் வாவலும் இருக்கும் கடையில், சூரை என்றால் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். "இரத்த மீன், சூட்டு மீன், கருவாட்டுக்குத்தான் ஆகும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். வியப்பு யாதெனில், ஜப்பானியரும் ஒருகாலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். பெருஞ்சூரையை அவர்கள் தாழ்ந்த மீனாகவே எண்ணினர். இன்று பொன்போல் விற்கும் கொழுத்த வயிற்றுப் பகுதியை, பூனைகூடத் திரும்பிப் பாராமல் தாண்டிச் செல்லும் என்று சொல்லி எறிந்தனர். கொழுப்பு மிக்க அப்பகுதி விரைவிற் கெடும். பனிக்கட்டி இல்லாத காலத்தில் அதைக் காக்க வழியில்லை. 19 ஆம் நூற்றாண்டில் சோயாச் சாற்றில் ஊறவைத்துக் காக்கக் கற்றனர். 20 ஆம் நூற்றாண்டில் குளிர்பதனம் வந்தது. 2019 ஆம் ஆண்டு ஜனவரியில், டோக்கியோ நகரின் டொயோசு சந்தையில், 278 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு ஏலம் போயிற்று. அது புத்தாண்டு முதல் ஏலத்தின் விளம்பர விலைதான். அந்த இனமும் நம் வலைகளிற் கிடைப்பதன்று. எனினும், பூனை தாண்டிய மீனுக்கு இவ்வளவு வாழ்வு வந்தது எதனால்? மீன் மாறவில்லை. மீனைக் கையாளும் முறை மாறியது.

அவர்கள் செய்வது இதுதான். தூண்டிலில் நெடுநேரம் போராடும் சூரையின் உடல் மேலும் சூடேறி, சதை வெந்தாற்போல் வெளுத்துவிடும். ஆதலின், படகில் ஏற்றிய உடனே மூளையிற் குத்தி உயிரைப் போக்கி, இரத்தத்தை வடித்து, குடலும் செவுளும் நீக்கி, பனிக்கட்டியில் புதைத்துவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முடியும் வேலை. அந்தச் சில நிமிடங்களே விலையையும் நலத்தையும் முடிவு செய்கின்றன.

இப்போது சகோதரியார் வீட்டில் நேர்ந்தது என்னவென்று பார்க்கலாம். சூரை, கானாங்கெளுத்தி முதலிய செந்தசை மீன்களில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. மீன் இறந்தபின் சூடான இடத்தில் கிடந்தால், நுண்ணுயிர்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் நஞ்சாக மாற்றும். மீன் நாறத் தொடங்கும் முன்னரே இது நடந்துவிடக்கூடும்; கண்ணாலும் மூக்காலும் எப்போதும் அறிய இயலாது. ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருத்தலாகாது என்பது உலகளாவிய உணவுத் தர விதி. எல்லாவற்றினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. உருவாகிவிட்ட ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது; பொரித்தாலும் போகாது; உறைய வைத்தாலும், உலர்த்தினாலும் போகாது. புளியும் மிளகாயும் மஞ்சளும் அதனை ஒன்றும் செய்யமாட்டா. "நன்றாகத்தானே வேகவைத்தேன்" என்று சகோதரியார் வருந்துகிறார். அவர் சமையலில் குறையில்லை. மீன் உலையில் ஏறுமுன்னரே தீங்கு நேர்ந்துவிட்டது.

நாக்கில் மிளகுபோல் சுரீரென்றது என்றாரே மூதாட்டியார், அதுவே அந்நஞ்சின் அடையாளம். கடற்கரை வாழ்வும் கருவாட்டுப் பழக்கமும் உள்ள முதியோர் சிலருக்கு இது தெரியும். வீட்டில் மூத்தோர் ஒருவர் வட்டிலை ஒதுக்கினால், காரணம் கேளாமல் நாம் தொடர்ந்து உண்பது அறிவுடைமை ஆகாது.

இங்கே நம் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலூர், காஞ்சிபுரம், திருநெல்வேலி எனப் பல ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்தவர்கள் நாம். திருமலையில் புலால் இல்லை. கீழேயுள்ள ஊர்களில், ஆந்திரக் குளங்களில் வளரும் கட்லாவும் ரோகுவும்தான் சந்தையில் மிகுதி. கடல்மீன் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து வரவேண்டும். 2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டம் அமைந்தபோது, சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிப் பகுதிகள் நெல்லூர் மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தன. அதனால், திருப்பதி மாவட்டத்துக்கே இன்று கடற்கரை உண்டு. ஆயினும், வரைபடத்தில் கடல் அருகில் வந்ததால் மீன் புதிதாகிவிடாது. கடலிலிருந்து நம் வீட்டு அடுப்பு வரை பனிக்கட்டிச் சங்கிலி அறாமல் வந்தால்தான் மீன் புதியது. அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் கையில் இருக்கும் பை. சகோதரியார் வீட்டில் அறுந்தது அக்கண்ணி மட்டுமோ, அதற்கு முன்னர்க் கூடையிலும் படகிலும் அறுந்ததோ, இப்போது கூற இயலாது. தெருவோரக் கூடையில் பனிக்கட்டி இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

இச்சங்கிலியின் முதற் கண்ணியைப் பிடித்திருப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்துக் கடலோடிகள், தூண்டிலை நம்பித் தொலைகடலுக்குச் சென்று, வாரக்கணக்கில் அங்கேயே தங்கி, சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். 2017 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கரைக்குத் திரும்ப வழியில்லாத தொலைவில் இருந்தவர்கள் அவர்களே. அவ்வூர்களில் பல வீடுகளின் தலைவர்கள் அப்புயலுக்குப்பின் திரும்பவே இல்லை. அதே 2017 ஆம் ஆண்டில், பாக் விரிகுடாவின் இழுவைப் படகுக்காரர்களை ஆழ்கடல் சூரைப் பிடிப்புக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. அப்போது ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாயாக இருந்தது. இதில் நடுவண் அரசு பாதியையும், மாநில அரசு நூற்றுக்கு 20 பங்கையும் தந்தன. மீனவர் 10 பங்கைக் கையிலிருந்து இட்டு, மீதி 20 பங்கைக் கடனாகப் பெறவேண்டியிருந்தது. எல்லை தாண்டிய வழக்குகளும் சிறையும் குறையவேண்டுமென்பது இதன் நோக்கம். ஆனால் கடலில் பல நாள் காத்திருந்து பிடித்த சூரைக்கு, கரையில் "இது தாழ்ந்த மீன்" என்ற விலையே கிடைத்தால் கடன் எப்படி அடையும்? பனிக்கட்டியிட்டுக் காத்த மீனைக் கேட்டு வாங்குவோர் பெருகினால்தான், காத்துக் கொண்டுவருபவருக்கு விலை கிடைக்கும். நம் வீட்டுப் பையில் உள்ள மீனுக்கும் தூத்தூர்த் தாயின் அடுப்புக்கும் இத்தகைய தொடர்பு உண்டு.

சரி, நாம் செய்யவேண்டியவை யாவை?

மீன் வாங்கச் செல்லும்போது மூடியுள்ள பாத்திரமும் பனிக்கட்டியும் உடன் இருக்கட்டும். பனிக்கட்டியின் நடுவே புதைந்திருக்கும் மீனையே வாங்குங்கள். வெயிலில் காயும் கூடைமீன் எவ்வளவு மலிவாயினும் வேண்டா. கண் தெளிந்து, செவுள் சிவந்து, சதை அழுத்தினால் மீண்டெழ வேண்டும். வெட்டிய துண்டாயின் நிறம் கருகியோ வானவில் போல் பளபளத்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். வேறு வேலைகளை எல்லாம் முடித்துக்கொண்டு, கடைசியாக மீன் வாங்கி நேரே வீடு திரும்புங்கள். வந்தவுடன் கழுவிச் சமைத்துவிட வேண்டும். இயலாதெனில் குளிர்ப்பெட்டியில், 4 டிகிரிக்குக் கீழான குளிரில், வைக்க வேண்டும். சமைத்தபின் நாக்கில் மிளகுச் சுரீர் தோன்றினால் அக்குழம்பை முழுதும் கொட்டிவிடுங்கள். செலவை எண்ணித் தயங்க வேண்டா. மருத்துவமனைச் செலவு அதனினும் பெரிது.

முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் சென்று, என்ன மீன், எப்போது உண்டது என்பதைச் சொல்லுங்கள். பெரும்பாலோர்க்கு ஒரு நாளுக்குள் தணியும். மூச்சுத் திணறலோ நெஞ்சு படபடப்போ இருந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒரே வேளையில் நேர்ந்தால், அது பெரும்பாலும் இந்நஞ்சாகவே இருக்கும். எனினும் ஒவ்வாமை இல்லை என்று மருத்துவர் உறுதி சொன்னபின்னரே அப்பிள்ளைகளுக்கு மறுபடியும் மீன் கொடுங்கள். பெருஞ்சூரையின் உடலில் பாதரசம் சிறிது சேர்ந்திருக்கும். ஆதலின் கருவுற்ற மகளிருக்கும் சிறு குழந்தைகளுக்கும் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டா. சிறிய வரிச்சூரையில் அது குறைவு.

புதிய சூரை கிடைக்காத நம் ஊர்களுக்கு மாசியே ஏற்றது. நம்பத்தக்க கடையில், ஈரமும் பூஞ்சையும் இன்றிக் கட்டையாக உலர்ந்ததை வாங்குங்கள். அது நாட்படக் கெடாது, சிறிதளவே போதும். மூதாட்டியார் சொல்லச் சகோதரியார் எழுதியனுப்பிய மாசிச் சம்பலின் முறையை இங்கே தருகிறோம். ஒரு கைப்பிடி மாசியை உரலில் இட்டு உதிரியாக இடித்துக்கொள்க. வறுத்த மிளகாய் ஆறு, உப்பு ஆகியவற்றை இடித்து, பத்துச் சின்ன வெங்காயத்தைச் சேர்த்து நசுக்குக. அரை மூடித் தேங்காய்த் துருவலும் மாசித் தூளும் கூட்டி, மேலும் நாலு இடி இடித்து, எலுமிச்சை பிழிந்து எடுக்கவும். ரொட்டிக்கும் இடியாப்பத்துக்கும் ஏற்றது. வெறும் சோற்றுக்கும் போதும்.

இனி, சகோதரியாருக்கு நம் விடை. அம்மா, தங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. பெற்ற பிள்ளை துடித்ததைக் கண்ட தாய் அந்த மீனை வெறுப்பது இயற்கை. ஆயினும் தங்கள் அத்தையார் சொன்னதே சரி. பிழை மீனில் இல்லை. தாங்கள் அன்பினால் வாங்கினீர்கள்; பனிக்கட்டி ஒன்றுதான் குறைவாயிற்று. இழிந்ததென்று ஒதுக்கப்பட்ட மீனும், போற்றி வைத்தால் விருந்தாகும். தாய்நிலம் திரும்பி ஐம்பது ஆண்டு கழிந்தும், ஒரு கட்டையை முகர்ந்தவுடன் பிறந்த மண்ணை நினைக்கும் அம்மூதாட்டியாருக்கு, வரும் ஞாயிறன்று நல்ல மாசி வாங்கிச் சம்பல் இடித்துக் கொடுங்கள். இம்முறை அவரையே முதலில் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜப்பானியப் பெரியவரின் கட்டையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியுள்ளோம். அதைச் சீவுவதற்குத் தேங்காய்த் துருவி உதவாது; கூரிய இழைப்புளி வேண்டும்.